நெல் மூட்டைக்குக் கயிறு உண்டு, நோயாளிக்கு?

உழவு இயந்திரப் பெட்டியில் நெல் மூட்டைகளை ஏற்றும் கமக்காரன், கயிறு போட்டு இறுக்கிய பின்னரே வண்டியை எடுக்க விடுவான். ஆனால், பனையிலிருந்து விழுந்தோ போரில் காயமுற்றோ முள்ளந்தண்டு முறிந்து சக்கர நாற்காலியில் வாழும் ஒருவரை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்லும் வானில், நாற்காலியின் தடையை அழுத்திவிட்டாற் போதுமென்று எண்ணுவோர் உளர். வான் சடுதியாக நிற்கின்றது, நாற்காலி புரள்கின்றது. "ஒன்றுமில்லை, ஐயா" என்று தூக்கி இருத்துகிறார்கள். அவரும் அதை நம்புகிறார்.

கொடுமை இங்கேதான் தொடங்குகின்றது. உணர்விழந்த கால் முறிந்தாலும் நோவதில்லை. நடவாத காலின் எலும்பு நாளடைவில் மெலிந்து விடுவதால், சிறியதோர் அடியும் தொடையெலும்பை முறிக்க வல்லது. மறுநாள் கால் வீங்கிச் சூடேறும்போதே வீட்டார் அறிவர். சாரதியோ, "இறங்கும்போது சுகமாகத்தானே இருந்தார்" என்பார். வாகன உரிமையாளர், "எலும்பு முன்னரே பழுது" என்பார். இப்பின்னைய சாட்டு உரோம-டச்சுச் சட்டத்தின்முன் நில்லாது. தீங்கிழைத்தவன், தீங்குற்றவனை அவனுள்ள நிலையிலேயே ஏற்றுப் பொறுப்பாதல் வேண்டும் என்பதே அச்சட்டத்தின் நெறி.

தொழிலின்போது சாரதி புரிந்த கவலையீனத்துக்கு அவரை வேலைக்கு வைத்தவரும் பொறுப்பாளி. அரச வாகனமாயின், 1969 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் அரசையும் பொறுப்பாளியாக்குகின்றது. எனினும் வழக்கிடுமுன் ஒரு மாத அறிவித்தல் கொடுத்தல் வேண்டும். காலவரையறையோ கடுமையானது. 1871 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி இரண்டே ஆண்டுகள்! காணி வழக்கைப் பத்தாண்டு இழுத்துப் பழகிய நம்மவர் இதனைக் கவனிப்பாராக.

ஆனால் கவலையீனத்தை நிரூபிப்பது எங்ஙனம்? நாற்காலி புரண்ட அன்றே, நோவில்லை என்றிராது வைத்தியரிடம் காட்டி, வானில் நடந்ததை நோயாளர் பதிவேட்டில் எழுதுவிக்க வேண்டும். வைத்தியர்களும் "விழுந்தார்" என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடலாகாது. எங்கே, எவ்வாறு விழுந்தார், நாற்காலி கட்டப்பட்டிருந்ததா என்பனவற்றைக் கேட்டெழுதும் இரண்டு வரிகளே பின்னர் ஒரு குடும்பத்தின் சாட்சியாகும்.

அமெரிக்காவில் 1990 ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் எழுந்த விதிகள், பொது வாகனங்களில் நாற்காலியைப் பிணைக்கும் கருவியையும், இருப்பவருக்கு இடைப்பட்டி, தோட்பட்டி ஆகியவற்றையும் கேட்கின்றன. எமது 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் உத்தியோகத்திலும் கல்வியிலும் பாரபட்சத்தைத் தடுக்கின்றது, நல்லதே. நாற்காலியை வாகனத்தில் எவ்வாறு பிணைப்பது என்பது குறித்து அதில் ஒரு வரிதானும் இல்லை. விதி எழுதப்பட்டிருப்பின் அதை மீறியதைக் காட்டுவதே வழக்காளிக்குப் பெருந்துணையாகும். இல்லாதபோது, எது போதிய கவனம் என்பதையே அவர் ஒவ்வொரு முறையும் நீதிமன்றில் அடியிலிருந்து நாட்ட வேண்டியுள்ளது. நாற்காலியை நான்கு மூலைகளிலும் பட்டியால் தளத்தோடு பிணைத்து, முன்னோக்கி நிறுத்தி, ஆளுக்கு வேறாகப் பட்டியிட வேண்டும் என்று ஒழுங்குவிதி ஆக்குவதற்குப் பெருநிதி தேவையில்லை. பாராளுமன்றத்தில் நம் பிரதிநிதிகள் இதனைக் கேட்டாரா?