நரம்பு என்ன பாவம் செய்தது?

'ரொம்ப நெர்வஸா இருக்கு!' பரீட்சை ஹால் வாசலில் பிளஸ் டூ பையன் சொல்கிறான். பெண் பார்க்கப் போகும் மாப்பிள்ளை சொல்கிறார். நீங்களும் நானும் சொல்கிறோம். தப்பில்லை. ஆனால், அந்தச் சொல்லைத் தமிழாக்குகிறேன் பேர்வழி என்று நரம்பில் கொண்டுபோய்க் கட்டினோமே, அங்கேதான் வந்தது வினை.

நான் பி.காம். பழைய கணக்கைப் புரட்டிப் பார்க்கும் புத்தி போகாது. 1755-ல் ஆங்கில அகராதி போட்ட சாமுவேல் ஜான்சன், 'நெர்வஸ்' என்பதற்கு முதலில் கொடுத்த பொருள் என்ன தெரியுமா? முறுக்கேறிய, வலிமை மிக்க! 'நரம்பு பலவீனமான' என்ற பொருளைக் கடைசியில் வைத்தார். அதுவும் 'இது வைத்தியர்களின் பசப்பு மொழி' என்று ஒரு குட்டு வைத்து! கடைசியில் ஜெயித்தது அந்தப் பசப்புதான்.

அந்தக் கடனுக்கு நாம் இன்னும் வட்டி கட்டுகிறோம். கை நடுங்குகிறதா? தூக்கம் வரவில்லையா? புது மாப்பிள்ளைக்குப் பயமா? எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: நரம்புத் தளர்ச்சி. ஒரே மருந்து: லேகியம். நரம்புத் தளர்ச்சியைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யவே கூடாது என்கிறது 1954-ம் வருட மத்திய அரசுச் சட்டம். அதன் பட்டியலில் இந்த வியாதியின் பெயரே இருக்கிறது. சட்டம் புத்தகத்தில், விளம்பரம் சுவரில்!

பயத்தில் நெஞ்சு படபடப்பது நரம்பு தளர்ந்ததால் அல்ல ஐயா, அது ஒழுங்காக வேலை செய்வதால். 'ஆபத்து' என்று மூளை குரல் கொடுக்கிறது, அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது. பரீட்சை முடிந்தால் தானாக அடங்கும். அடங்காமல் மாதக்கணக்கில் ஆட்டிப் படைத்தால் அது பதற்ற நோயாக இருக்கலாம். அதற்கு மனநல மருத்துவர் இருக்கிறார். பேச்சு சிகிச்சை, மாத்திரை எல்லாம் உண்டு. 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' எண் 14416. அழைப்பு இலவசம். ஆனால் 'நரம்பு வீக்' என்று நம்புகிறவன் அங்கே போக மாட்டான். லேகியக்காரனிடம் பணத்தையும் வருஷங்களையும் தொலைத்துவிட்டுத்தான் வருவான்.

பயம், கூச்சம், தவிப்பு, பதற்றம் என்று நம்மிடம் ஆளுக்கொரு சொல் இருக்கிறது. அடுத்த முறை உங்கள் பிள்ளை 'நெர்வஸா இருக்கு' என்றால் டானிக் வாங்க ஓடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, 'எதை நெனச்சுடா பயப்படுற?' என்று கேளுங்கள்.

செலவு? நயா பைசா கிடையாது.