சால்மனும் ஹெர்ப் பட்டரும்: சுலபம் யாருக்கு?

அரை கிலோ சால்மன், கொஞ்சம் வெண்ணெய், ஒரு கைப்பிடி டில் இலை, அரை எலுமிச்சம்பழம். நார்வேயில் வேலை முடிந்து களைத்து வரும் குடும்பத்துக்கு இது அரை மணி நேரச் சாப்பாடு. ‘ரொம்ப ஈஸி’ என்று எல்லாச் சமையல் குறிப்புகளும் சத்தியம் செய்கின்றன. ஈஸிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இரண்டு இடத்தில் ஏமாற்றுகிறார்கள். ஒன்று நேரத்தில், இன்னொன்று கணக்கில்.

200 டிகிரியில் 25 நிமிடம் என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். பாவம் அந்த மீன்! மீன் சதை ஆட்டுக்கறி மாதிரி கிடையாது, சட்டென்று வெந்துவிடும். மேலே வெள்ளை வெள்ளையாகக் கட்டி வந்து நின்றால் புரதம் பிதுங்கி வெளியே வருகிறது என்று அர்த்தம். அது நிறைய வந்தால் மீன் காய்ந்துவிட்டது. 180 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம், துண்டின் தடிமனைப் பார்த்து, போதும். விரலால் அழுத்தினால் இதழ் இதழாகப் பிரிய வேண்டும். அமெரிக்க அரசு உள்வெப்பம் 63 டிகிரி வரவேண்டும் என்கிறது. சமையல்காரர்கள் பலர் 50-ஐத் தாண்டியதுமே வெளியே எடுத்துவிடுகிறார்கள். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் அரசு சொல்வதைக் கேட்பதே நல்லது.

அடுத்து ஹெர்ப் பட்டர். (இதை ‘மூலிகை வெண்ணெய்’ என்று மொழிபெயர்த்தால் சித்த மருந்துக்கடை வாசனை வருகிறது, வேண்டாம்.) வெண்ணெயை உருக்கக் கூடாது. வெளியே வைத்து இளகவிட்டு, பொடியாக நறுக்கிய டில், பார்ஸ்லி, எலுமிச்சைத் தோல் துருவல், உப்பு சேர்த்துப் பிசைந்தால் முடிந்தது. பாதியை மீன்மேல் தடவிவிட்டு மீதியைத் தட்டில் வைத்த பிறகு சேர்ப்பதுதான் சரி. ஓவனுக்குள் போன இலையின் வாசனை பாதி ஓடிப்போய்விடும். இன்னொன்று, பண்ணை சால்மனில் ஏற்கெனவே கொழுப்பு அதிகம். 100 கிராம் வெண்ணெய் கேட்கும் குறிப்புகள் வீண் செலவு, 40 கிராமே தாராளம். அலாஸ்காவின் சாக்ஐ போன்ற காட்டு சால்மன் மெலிந்தது. அதற்குத்தான் வெண்ணெய் நிஜமாகவே தேவை.

இனி கணக்கு. ஒருகாலத்தில் சால்மன் விருந்துச் சாப்பாடு. 1970-ல் ஹித்ரா தீவில் க்ரோன்ட்வெட் சகோதரர்கள் கடலில் கூண்டு கட்டி மீன் வளர்த்து ஜெயித்த பிறகுதான் அது வாரநாள் சாப்பாடானது. இன்று நார்வே ஆண்டுக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல் உற்பத்தி செய்கிறது. ஒரு கூண்டில் 2 லட்சம் மீன் வரை விடலாம். அந்த அழகான ஆரஞ்சு நிறம்கூடத் தீவனத்தில் கலக்கும் அஸ்டாசாந்தின் தருவது. அது இல்லாவிட்டால் சதை சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். கூண்டின் நெரிசல் கடல்பேனுக்குக் கொண்டாட்டம். பேனை நீக்க வெந்நீரில் முக்கியெடுப்பது உட்பட என்னென்னவோ செய்கிறார்கள், அதிலேயே மீன்கள் காயப்படுகின்றன. 2023-ல் மட்டும் நார்வேயின் கடல் கூண்டுகளில் 6 கோடிக்கும் அதிகமான சால்மன்கள் அறுவடைக்கு முன்பே செத்தன. வேறு எந்தத் தொழிலில் சரக்கு இப்படி அழிந்தாலும் முதலாளி தூங்கமாட்டார். இங்கே லாபம் வந்துகொண்டே இருந்தது. ஃபியோர்டு பொதுச்சொத்து, அதன் அசுத்தம் எந்த கம்பெனியின் செலவுப் பக்கத்திலும் முழுதாக ஏறுவதில்லையே!

அதனால்தான் நார்வே அரசு 2022-ல் இந்தத் தொழிலுக்குத் தனி வரி என்று அறிவித்தது சரி. 40 சதவீதம் என்று ஆரம்பித்தார்கள். கம்பெனிகள் கூச்சல் போட, 2023-ல் 25 சதவீதத்தில் வந்து நின்றது. குறைத்தது தவறு. விலை கொஞ்சம் ஏறினால் வாரத்தில் மூன்று நாள் சாப்பிடுபவர் ஒரு நாள் சாப்பிடுவார், அவ்வளவுதானே?

அந்த ஒரு நாளைக்குத் தோலோடு இருக்கும் துண்டாகப் பார்த்து வாங்கலாம். தோல் அடியில் இருந்தால் சதை சீக்கிரம் காயாது. கூடவே வேகவைத்த உருளைக்கிழங்கும், வினிகரில் ஊறிய வெள்ளரிக்காயும். மிச்சமானால் மறுநாள் சூடாக்க வேண்டாம், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டால் அதுவே தனி ருசி.