நெட் கெல்லியை வீரனாக்கியது சினிமா அல்ல

ஆஸ்திரேலியக் கொள்ளையன் நெட் கெல்லியைப் பற்றிப் படம் வரும்போதெல்லாம் ஒரு குற்றச்சாட்டும் கூடவே வருகிறது. போலீஸ்காரர்களைச் சுட்டவனைச் சினிமாதான் வீரனாக்கியது, ஜனங்கள் ரத்தம் பார்க்கத்தான் போகிறார்கள் என்று. இதை ஏற்க முடியாது.

முதலில் காலக்கணக்கே உதைக்கிறது. மெல்போர்ன் சிறையில் அவனைத் தூக்கிலிட்டது 1880 நவம்பர் 11 அன்று. உலகின் முதல் முழுநீளக் கதைப்படமாக யுனெஸ்கோ பட்டியலில் ஏறியிருக்கும் ‘தி ஸ்டோரி ஆஃப் தி கெல்லி கேங்’ வெளியானதோ 1906 டிசம்பரில். அதற்கு 26 ஆண்டுகள் முன்பே, தூக்கை நிறுத்தக் கோரி 30,000-க்கும் அதிகமானோர் மனுவில் கையெழுத்திட்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தைக் கூட்டியது எந்தக் கேமரா? பெரும் பண்ணைக்காரர்களோடும் போலீஸோடும் மல்லுக்கட்டிய சிறு விவசாயிகள் நிறைந்தது கெல்லியின் வட்டாரம். ஜெரில்டரி வங்கியைக் கொள்ளையிட்டபோது கெல்லியின் ஆட்கள் அங்கிருந்த அடமானப் பத்திரங்களையும் எரித்தார்கள். கடன்பட்ட வீடுகளில் அந்தச் செய்தி எப்படிப் பேசப்பட்டிருக்கும்! தன் தரப்பைச் சொல்லும் 56 பக்கக் கடிதத்தையும் கெல்லி அங்கே கொடுத்துவிட்டுப் போனான். அவன் உயிரோடிருந்தவரை அது அச்சேறவில்லை.

ரத்தம் பார்க்கவா போகிறார்கள்? கெல்லி படங்களில் ரசிகன் காத்திருப்பது கிளென்ரோவனில் போலீஸோடு நடந்த கடைசி மோதல் காட்சிக்கு. கலப்பைத் தகடுகளை வளைத்துச் செய்த கவசம், சுமார் 44 கிலோ. கண்ணுக்கு மட்டும் ஒரு கீற்று. விடியற்காலையில் மரங்களுக்கிடையே அவன் நடந்து வருகிறான். குண்டுகள் மார்பில் பட்டுத் தெறிக்கின்றன. காலுக்குக் கவசம் இல்லை, அங்கே சுட்டு வீழ்த்துகிறார்கள். தோற்கிறவனின் காட்சி இது. உழுகருவியை உடுத்திக்கொண்டு அரசாங்கத்தின் துப்பாக்கிகளுக்கு எதிரே நடந்த ஒருவனைப் பார்க்கும் மனதுக்கு வன்முறை மோகம் என்று பெயர் சூட்டுவது அநியாயம்.

நட்சத்திர மவுசு என்பாரும் உண்டு. 1970-இல் ராக் பாடகர் மிக் ஜாகரே கெல்லியாக நடித்தார், படம் எடுபடவில்லை.

தடை போட்டால் மறந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையும் பொய்த்தது. 1912-இல் நியூ சவுத் வேல்ஸ் போலீஸ் இத்தகைய கொள்ளையர் படங்களைத் தடுத்தது. அதற்குப் பிறகும் ஹாரி சவுத்வெல் என்ற இயக்குநர் 1920, 1923, 1934 என மூன்று முறை கெல்லி கதையையே எடுத்தார்.

ஒரு குறை மட்டும் நியாயமானது. 1878-இல் ஸ்ட்ரிங்கிபார்க் ஓடைக்கரையில் கெல்லி கும்பல் சுட்டதில் செத்த போலீஸ்காரர்கள் கென்னடி, லோனிகன், ஸ்கான்லன் மூவரையும் பல படங்கள் பெயரில்லாத சீருடைகளாகவே கடந்துபோகின்றன. கென்னடிக்கும் லோனிகனுக்கும் மனைவி மக்கள் இருந்தார்கள். இதைத் திருத்தக் கெல்லியின் கதையைப் பூட்டிவைக்க வேண்டியதில்லை. அந்த மூவருக்கும் அதே படத்தில் முகமும் பேச்சும் கொடுக்கட்டும்.