‘அது அப்படித்தான்’ என்று சொல்லாதீர்கள்

நண்பர்களே, பழைய புதுச்சேரிக் கதை எதையும் இந்த முறை எழுதவில்லை. கொஞ்சம் கோபத்தில் இருக்கிறேன். கோபத்துக்குக் காரணம் ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழி. "இந்த வயதில் உமக்கு எதற்கய்யா அது?" என்று கேட்பீர்கள். முழுவதும் படித்துவிட்டுக் கேளுங்கள்.

என் பேத்தி பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளுடைய ஜாவாப் புத்தகத்தைப் பொழுதுபோகாமல் புரட்டப் போய், ஒரு வருடமாக நானும் அவளோடு சேர்ந்து படித்துவருகிறேன். போன வாரம் ஒருநாள் மாலை, நோட்டை மூடிவைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். "எனக்கு இதெல்லாம் வராது தாத்தா. வேற படிப்புக்கு மாறிக்கிறேன்" என்றாள். நோட்டை வாங்கிப் பார்த்தேன். தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படி இருந்தது:

பட்டன்.ஆட்ஆக்ஷன்லிசனர்(நியூ ஆக்ஷன்லிசனர்() {
    பப்ளிக் வாய்ட் ஆக்ஷன்பெர்ஃபார்ம்ட்(ஆக்ஷன்ஈவென்ட் இ) {
        ...
    }
});

இதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். திரையில் உள்ள ஒரு பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கவேண்டும் என்று சொல்லும் நாலைந்து வரி, அவ்வளவுதான்.

பேத்தி வகுப்பில் எழுந்து கேட்டாளாம்: "சார், ‘ஆக்ஷன்லிசனர்’ ஒரு இன்டர்ஃபேஸ். இன்டர்ஃபேஸுக்கு ‘நியூ’ போட்டுப் பொருள் உண்டாக்க முடியாது என்று போன மாதம் சொன்னீர்கள். இங்கே போட்டிருக்கிறீர்களே?"

கேள்வி எவ்வளவு சரியான கேள்வி, பாருங்கள். ஆசிரியர் சொன்ன பதில்: "சின்டாக்ஸ் அப்படித்தான்ம்மா. மனப்பாடம் பண்ணிக்கோ, பரீட்சைக்கு வரும்."

என் சண்டை இந்த ஒரு வாக்கியத்தோடுதான்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். மனப்பாடத்தை எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். ஏன் என்று கேட்டால் அங்கே பதில் கிடையாது, நெட்டுருப் போடவேண்டியதுதான். ஆனால் அதே பிரெஞ்சில் ‘நான் எழுதிய கடிதங்கள்’ என்று எழுதும்போது, வினைச்சொல்லின் கடைசியில் பெண்பாலும் பன்மையும் சேர்க்கவேண்டும். இதற்குக் காரணம் உண்டு. "எழுதினேன். எதை?" என்று கேள். பதிலாக வரும் சொல் வினைக்கு முன்னாலேயே வந்துவிட்டதா? அப்படியானால் சேர். எங்கள் வாத்தியார் பிரம்பால் அடித்தவர்தான். ஆனால் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்துவிட்டு அடித்தார். மனப்பாடம் செய்யவேண்டியது எது, புரிந்துகொள்ள வேண்டியது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஜாவாவில் இந்த ‘பெயரில்லா வகுப்பு’ இரண்டாவது சாதி. அதைக் கொண்டுபோய் முதல் சாதியில் சேர்ப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம்.

அரசு அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் கழித்தவன், எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன்.

இன்டர்ஃபேஸ் என்பது ஒரு பணியிடம். ‘இந்த நாற்காலிக்கு வருபவர் இன்னின்ன வேலை செய்யவேண்டும்’ என்ற பட்டியல். பணியிடம் காலையில் குடையோடு அலுவலகத்துக்கு வராது, ஆள்தான் வரவேண்டும். எனவே பேத்தி படித்தது சரி. வெறும் பணியிடத்துக்கு ‘நியூ’ போட முடியாது.

அப்படியானால் இந்த வரிகளில் வந்து உட்கார்ந்தது யார்? வளைவு அடைப்புக்குறிக்குள் இருக்கிறதே, அவர்தான் ஆள். அந்த வேலையை எப்படிச் செய்வது என்று உள்ளே எழுதியிருக்கிறது. அவருக்குப் பெயர் வைக்கவில்லை. ஆகவே ‘நியூ ஆக்ஷன்லிசனர்() {’ என்பதை ‘ஆக்ஷன்லிசனர் பணியிடத்துக்கு, இதோ கீழே சொல்கிற தகுதியோடு, பெயர் வைக்காத ஒருவரை நியமிக்கிறேன்’ என்று வாசிக்கவேண்டும். வகுப்பை அறிவிப்பதும் பொருளை உண்டாக்குவதும் ஒரே மூச்சில் நடக்கின்றன. குழப்பம் முழுவதும் இதனால்தான். ‘நியூ’வுக்குப் பக்கத்தில் இருப்பது வந்தவரின் பெயரல்ல, பணியிடத்தின் பெயர்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதா? ‘பொற்றொடி வந்தாள்’ என்றால் வளையலா நடந்து வந்தது? வளையல் அணிந்தவள் வந்தாள். அன்மொழித்தொகை என்று பள்ளியில் படித்தோமே. கண்ணுக்குத் தெரிகிற சொல் ஒன்று, வந்த ஆள் வேறு.

இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக அவிழும். கடைசியில் வரும் ‘});’ ஏன்? வளைவுக்குறி ஆளை முடிக்கிறது, அடுத்த குறி ‘ஆட்ஆக்ஷன்லிசனர்’ திறந்த அடைப்பை மூடுகிறது, அரைப்புள்ளி வாக்கியத்தை முடிக்கிறது. இந்த வகுப்புக்குள் கன்ஸ்ட்ரக்டர் ஏன் எழுத முடியாது? கன்ஸ்ட்ரக்டருக்கு வகுப்பின் பெயரை வைக்கவேண்டும், இங்கே பெயரே இல்லை. ஆனாலும் கம்பைலர் அவரைப் பதிவேட்டில் ஏற்றாமல் விடுவதில்லை. வெளி வகுப்பின் பெயர், ஒரு டாலர் குறி, பிறகு 1 என்று தனிக் கோப்பு போடுகிறது. பெயரில்லாவிட்டாலும் டோக்கன் எண் உண்டு.

உள்ளே ‘திஸ்’ என்று எழுதினால் யாரைக் குறிக்கும்? நம் கடிதத்தோடு வேறொரு அலுவலகத்தின் கடிதத்தை இணைத்து அனுப்புகிறோம். இணைப்பில் ‘இவ்வலுவலகம்’ என்று இருந்தால் அது நம் அலுவலகமா? இணைப்பை எழுதியவர் அலுவலகம். அதேபோல் ‘திஸ்’ பெயரில்லாதவரைத்தான் குறிக்கும். வெளியே இருப்பவரைச் சொல்ல வேண்டுமானால், வெளி வகுப்பின் பெயரை எழுதிப் புள்ளி வைத்து ‘திஸ்’ போடவேண்டும்.

வெளியில் மெத்தடுக்குள் அறிவித்த மாறியை உள்ளே பயன்படுத்தினால் அதன் மதிப்பை மாற்றக்கூடாது என்கிறதே, அது ஏன்? உள்ளே போவது உண்மை நகல். மூலத்தைப் பிறகு திருத்தினால் நகலும் மூலமும் முரண்படும். தணிக்கைக்காரர் சும்மா விடுவாரா? ஜாவாவும் விடவில்லை. முன்பு ‘ஃபைனல்’ என்று எழுதியே தீரவேண்டும். 2014இல் வந்த ஜாவா 8 முதல், எழுதாவிட்டாலும் பரவாயில்லை, மாற்றாமல் இருந்தால் போதும்.

இவ்வளவையும் விளக்கப் பேத்திக்கும் எனக்கும் அரை மணி பிடித்தது. "பாடத்திட்டம் முடிக்கவே நேரமில்லை, அரை மணிக்கு எங்கே போவது?" என்று ஆசிரியர்கள் கேட்கலாம். ஒரு மாணவி படிப்பையே விட நினைப்பதைவிட அரை மணி பெரிய செலவா?

இன்னொரு கட்சி இருக்கிறது. "ஜாவா 8இல் லாம்டா வந்துவிட்டது. இந்தப் பழைய எழுத்துமுறை எதற்கு?" என்பார்கள். லாம்டா சுருக்கமானது, மறுக்கவில்லை. இந்தப் பொத்தானுக்கு அதுவே போதும். ஆனால் பட்டியலில் எழுதியாக வேண்டிய வேலை ஒன்றே ஒன்று இருந்தால்தான் லாம்டா நுழையும். மவுஸ் லிசனரில் ஐந்து வேலைகள் இருக்கின்றன. அங்கே லாம்டா வாசலிலேயே நின்றுவிடும். லாம்டாவுக்குள் ‘திஸ்’ வெளியே இருப்பவரைக் குறிக்கும், அதுவும் வேறு. பெயரில்லா வகுப்பு 1997இல் ஜாவா 1.1 காலத்திலேயே வந்தது. அப்போதிருந்து எழுதிக் குவித்த நிரல்களை நாளைக்கு வேலைக்குப் போய்ப் படிக்கப்போவது இந்தப் பிள்ளைகள்தான். பழைய கோப்பைப் படிக்கத் தெரியாத எழுத்தரை எந்த அலுவலகம் வைத்துக்கொள்ளும்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்த எழுத்துமுறை பார்க்க நன்றாக இல்லை. ‘நியூ’வுக்கு அடுத்த சொல்லின் பொருள், பின்னால் வளைவுக்குறி வருகிறதா இல்லையா என்பதைப் பொறுத்து மாறுவது படிப்பவரைத் தடுமாற வைக்கும். அந்தப் பழி அமைத்தவர்களுக்கு. அதற்கு அழவேண்டியவள் என் பேத்தி அல்ல.

இப்போது அவள் வேறு படிப்பைப் பற்றிப் பேசுவதில்லை. நேற்று தன் தோழிக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பணியிடம் வேற, ஆள் வேறடி!"

உங்கள் வீட்டிலும் பேரப்பிள்ளைகள் ஏதாவது கேட்பார்கள். தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் "எனக்குத் தெரியாது, சேர்ந்து பார்ப்போம் வா" என்று சொல்லுங்கள். ‘அது அப்படித்தான்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.