போர்வை தைத்தால் நியாயம் கிடைக்குமா?

"போர்வை தைச்சா நியாயம் கிடைச்சிடுமா?" இந்த விஷயத்தைச் சொன்னதும் நண்பன் ஒருத்தன் கேட்ட முதல் கேள்வி இதுதான். உண்மையைச் சொன்னால், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் 'ஃபோர்ஸ்' என்ற அமைப்பு 2013-ல் 'மானுமெண்ட் குவில்ட்' என்று ஒன்றை ஆரம்பித்தது. பாலியல் வன்முறையில் இருந்து மீண்டவர்களும், அவர்களுக்குத் துணை நிற்பவர்களும், நாலடிக்கு நாலடி சிவப்புத் துணியில் தங்கள் கதையை எழுதலாம், வரையலாம், தைக்கலாம். வந்த துண்டுகளைச் சேர்த்துத் தைத்துப் பல ஊர்களில் பொது இடங்களில் விரித்தார்கள். 2019 மே 31 முதல் மூன்று நாட்கள், வாஷிங்டனின் நேஷனல் மால் திடலில் சுமார் 3,000 துண்டுகள்!

அதே திடலில் 1987 அக்டோபரில் எய்ட்ஸால் இறந்தவர்களுக்காக 1,920 துண்டுகளோடு ஒரு போர்வை விரிக்கப்பட்டது. அது போனவர்களின் நினைவுக்கு. இது உயிரோடு இருப்பவர்கள் தாங்களே பேசுவதற்கு.

இதில் அப்படி என்ன இருக்கிறது என்கிறீர்களா? போலீஸிலும் கோர்ட்டிலும் கேள்வியை அடுத்தவர்தான் கேட்பார். "அந்த நேரத்துல அங்க ஏன் போனே?", "உடனே ஏன் சொல்லலே?" துணியில் அப்படி இல்லை. எவ்வளவு சொல்வது, எதை விடுவது, எல்லாம் தைப்பவர் முடிவு. ஒருவரிடம் வன்முறை பறித்துக்கொள்வது இந்த முடிவெடுக்கும் உரிமையைத்தானே? அதைக் கொஞ்சமாவது திருப்பிக் கொடுப்பதைத்தான் நான் ஆறுதல் என்கிறேன்.

இன்னொன்று. ஒருத்தி சொன்னால் "பொய் சொல்றா" என்று சுலபமாகத் தள்ளிவிடலாம். 3,000 பேர் சொன்னதை வரிசையாக விரித்து வைத்தால் அத்தனையையும் தாண்டித்தான் நடக்க வேண்டும். ஊர்வலத்தில் கோஷம் போடத் தைரியம் இல்லாதவர்கூட இங்கே சாட்சி ஆகலாம்.

இதனால் ஒரு குற்றவாளியும் ஜெயிலுக்குப் போகப் போவதில்லை, ஒத்துக்கொள்கிறேன். சட்டம் செய்ய வேண்டியதைச் சட்டம்தான் செய்ய வேண்டும். துணியைக் காட்டி அரசாங்கம் தப்பிக்கவும் கூடாது. ஆனால் தீர்ப்பு வரும் வரை, வராமலே போனாலும், பாதிக்கப்பட்டவர் வாய் மூடியே இருக்க வேண்டுமா என்ன?

நண்பனிடம் இதைத்தான் சொன்னேன். பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த போட்டோ இருந்தா காட்டுடா" என்றான்.