பாடசாலைக்குப் பக்கத்துக் காணி

மாத்தளையில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, செத்த வீட்டு முற்றத்தில் நின்றாலும் சரி, இந்தப் பேச்சு எப்படியும் காதில் விழும்: "பெரிய ஸ்கூலுக்குப் பக்கத்துல பத்துப் பேர்ச் வாங்கிப் போடுங்க. பிள்ளைக்கு இடமும் கிடைக்கும், காணி விலையும் கூடுமே தவிரக் குறையாது." சொல்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். லயத்துக் காம்பராவில் பிறந்து, டவுனுக்கு இறங்கி, கடையோ உத்தியோகமோ பார்த்து நிமிர்ந்த முதல் தலைமுறைக்குத் தன் பெயரில் ஓர் உறுதி என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கும் தெரியும். ஆனால் இந்த யோசனையை நம்பி நகையை அடகு வைத்தவர்களை அருகிலிருந்து பார்த்துவிட்டேன். அதனால் இதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில், "பக்கத்தில் இருந்தால் இடம் கிடைக்கும்" என்பது.

எங்கள் ஒழுங்கையில் குடிவந்த தம்பி ஒருவரின் ஃபைலை, பிள்ளையின் பாடசாலைச் சேர்க்கை நேர்முகத் தேர்வுக்கு முந்தின இரவு, நானும் உட்கார்ந்து அடுக்கினேன். மின்சாரப் பில்கள் மாத வாரியாக, தண்ணீர்ப் பில், வங்கிப் புத்தகம், பிள்ளையின் கிளினிக் அட்டை, நொத்தாரிசின் முத்திரை விழுந்த உறுதிப் பிரதி. ஒவ்வொரு தாளும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில். வீட்டு வாசலில் நின்றால் பாடசாலை மணி கேட்கும். மறுநாள் உறுதியை எடுத்தவர்கள் முதலில் பார்த்தது அது எழுதப்பட்ட தேதியை. பதினாலு மாதம். அடுத்துத் தேருநர் இடாப்பு. தம்பியின் பெயர் அதுவரை பழைய தோட்டத்து முகவரியில்தான் கிடந்தது. பிள்ளைக்கு இடமில்லை.

யாரும் அவரை ஏமாற்றவில்லை. முதலாம் தரச் சேர்க்கைக்குக் கல்வி அமைச்சு ஆண்டுதோறும் வெளியிடும் சுற்றறிக்கையில் உள்ளபடிதான் நடந்தது. இடங்களில் பாதி மட்டுமே, அதாவது 50 சதவீதம், அருகில் வசிப்போருக்கு. பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, ஏற்கெனவே படிப்பவர்களின் சகோதரர்களுக்கு 15, கல்வித் துறை ஊழியரின் பிள்ளைகளுக்கு 5, இடமாற்றத்தில் வருவோருக்கு 4, வெளிநாட்டிலிருந்து திரும்புவோருக்கு 1. முன்பு சமய நிறுவனங்களிடமிருந்து அரசு பொறுப்பேற்ற பாடசாலைகளில் சமய விகிதமும் பார்க்கப்படும். அந்தப் பாதிக்குள்ளும் ஐந்து ஆண்டு இடாப்பில் பெயர் இருந்தால்தான் முழுப் புள்ளி. உறுதி புதிதாக இருக்க இருக்கப் புள்ளி குறையும். உங்கள் வீட்டுக்கு இன்னும் கிட்ட, உங்கள் பிள்ளை சேரக்கூடிய வேறு ஆரம்பப் பாடசாலைகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி வெட்டு. மாத்தளை போன்ற சிறிய நகரத்தில் அது யாரையும் விடாது.

பிள்ளை பாடசாலைக்குப் போவது ஐந்து வயது முடிந்து. இடாப்பில் கேட்பதோ ஐந்து வருடம். அப்படியென்றால் பிள்ளை பிறப்பதற்கு முன்பே அந்த ஒழுங்கையில் குடியிருந்திருக்க வேண்டும். மூன்று வயதில் மொன்டிசோரிக்கு அனுப்பும்போது காணி தேடுகிறவருக்கு இந்தக் கணக்கைத் தரகர் சொல்வதில்லை.

அடுத்தது "நல்ல ஸ்கூல்" என்ற சொல். எதை வைத்து நல்லது என்கிறோம்? உயர்தரப் பெறுபேறு வந்ததும் மதிலில் தொங்கவிடும் பதாகையை வைத்து. அந்தப் பதாகையில் சிரிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் முதலாம் தரத்தில் சேர்ந்தவர்கள், எத்தனை பேர் ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் தேறி ஆறாம் தரத்துக்கு வந்தவர்கள், எத்தனை பேரை ரியூசன் மாஸ்டர் தூக்கிவிட்டார் என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள் வந்து சேர்வதால் பாடசாலை பெயரெடுக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டு இன்னும் கெட்டிக்காரப் பிள்ளைகள் வருகிறார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் காணி வைத்திருப்பவருக்கு அதில் பங்கு எதுவும் இல்லை.

தமிழ் மொழிமூலப் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நம் நாட்டில் பாடசாலைகள் நான்கு வகை. 1ஏபி என்றால் உயர்தர விஞ்ஞானப் பிரிவும் உண்டு. 1சி என்றால் கலையும் வணிகமும் மட்டும். வகை இரண்டு சாதாரண தரத்தோடு நின்றுவிடும். வகை மூன்று ஆரம்பப் பிரிவை ஒட்டியது. நீங்கள் பார்த்திருக்கும் பாடசாலை இதில் எது? விஞ்ஞானம் இருக்கிறதென்றால் தமிழ் மொழிமூலத்திலா? பௌதிகவியலுக்கும் இணைந்த கணிதத்துக்கும் இந்த வருடம் ஆசிரியர் இருக்கிறாரா, அல்லது நேர அட்டவணையில் பாடம் மட்டும் இருக்கிறதா? மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் கணித, விஞ்ஞான ஆசிரியர் தட்டுப்பாடு பல தலைமுறை நோய். ஓர் ஆசிரியை இடமாற்றம் பெற்றுப் போனால் ஒரு பிரிவே படுத்துவிடுகிறது. காணி விலை அதைத் தடுத்து நிறுத்தாது.

"மாத்தளை வேண்டாம், கண்டிக்கே போயிடுங்க" என்பார்கள் இன்னும் சிலர். ஏ9 வீதியில் சுமார் இருபத்தைந்து கிலோமீற்றர்தானே, ரயிலும் இருக்கிறதே என்று. பல்கலைக்கழக அனுமதியை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். கலைப்பிரிவு நீங்கலாகப் பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு, 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தக் கடைசிப் பட்டியலில் உண்டு, மாத்தளை இல்லை. ஆக நம் பிள்ளைக்கு இருக்கும் பெரிய வாசல் மாவட்ட ஒதுக்கீடுதான். பிள்ளை எந்த மாவட்டம் என்பதை உயர்தரத்துக்கு முந்திய ஆண்டுகளில் படித்த பாடசாலையை வைத்துத்தான் பார்க்கிறார்கள். மருத்துவம், பொறியியல் போன்றவற்றுக்குக் கண்டியின் வெட்டுப்புள்ளி பெரும்பாலும் மாத்தளையினதைவிட மேலே நிற்கிறது. மாத்தளையில் படித்திருந்தால் உள்ளே போயிருக்கக்கூடிய பிள்ளை, கண்டியில் சில தசமங்களால் வெளியே நிற்கலாம். வாய்ப்பும் வசதியும் உள்ளவர்கள் போகட்டும், தப்பில்லை. ஆனால் போவது கட்டாயம் நன்மை என்று சொல்லாதீர்கள்.

இனி "காணி விலை குறையாது." இதுதான் ஆழமாக வேரோடிய நம்பிக்கை.

எதை வைத்துச் சொல்கிறோம்? மத்திய வங்கியின் காணி விலைச் சுட்டெண் கொழும்பு மாவட்டத்துக்கானது. மாத்தளைக்கு நம்மிடம் இருப்பது தரகர் வாய்ச்சொல். அவர் சொல்வது கேட்ட விலை; விற்ற விலை அல்ல. 2021 தொடக்கத்திலிருந்து 2023 முடிவுக்குள் நாட்டில் பொருட்களின் விலை கிட்டத்தட்ட இரட்டித்தது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டு நின்றது. டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனது. அந்தக் காலத்தில் ஒரு பேர்ச் மூன்று லட்சத்திலிருந்து நாலு லட்சமானது என்று வைத்துக்கொள்வோம். விற்றவர் லாபம் என்று இனிப்பு வாங்கிக் கொடுத்திருப்பார். அந்த நாலு லட்சத்தில் முன்பு மூன்று லட்சத்துக்கு வாங்கிய சீமெந்தும் கம்பியும் வருமா? 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை ஏழு சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்களின் தவணை அதன் பின்னாலேயே ஏறியது. அப்போது விற்கப் போனவர்களுக்கு வாங்க ஆள் இல்லை.

மாத்தளையில் ஒரு வீட்டின் விலையைத் தாங்கி நிற்பவை பாடசாலை மணி ஓசைக்கு அப்பால் இருக்கின்றன. ஒன்று உறுதி. சின்னக்கர உறுதியா, பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாத ஜயபூமி, சுவர்ணபூமி அளிப்பா? 1972, 1975 காணிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு உடைந்து பிரிந்த தோட்டத் துண்டா, அதன் மூல உறுதி எங்கே? மற்றது மலைச்சரிவு. மாத்தளை மண்சரிவு அபாய மாவட்டங்களில் ஒன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வரைபடத்தில் உங்கள் துண்டு என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழை மலையகத்தை உடைத்தபோது மாத்தளையும் தப்பவில்லை. வெட்டி நிரவிய மண் மேட்டில் எழுப்பிய வீட்டுச் சுவரில் வெடிப்பு விழுந்த அடுத்த நாள், பாடசாலை எவ்வளவு பக்கம் என்று யாரும் கேட்பதில்லை.

எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. வசிப்பிடத்தைக் கேட்கும் முறையில், வசிப்பிடத்துக்குத் தாள் இல்லாதவர்கள் முதலிலேயே தோற்றுவிடுகிறார்கள். றத்தோட்டைப் பக்கமோ எல்கடுவைப் பக்கமோ லயத்தில் இருக்கும் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாக அதே காம்பரா. ஆனால் உறுதி இல்லை, கதவிலக்கம் இல்லை, கடிதம்கூடத் தோட்டத்து ஒஃபிஸ் வழியாக வருகிறது. வசதி உள்ளவர் டவுனில் பத்துப் பேர்ச் வாங்குகிறார், அவர் பிள்ளையோடு அக்கறையும் தோட்டத்துப் பாடசாலையை விட்டுப் போகிறது. பிறகு அங்கே கணித ஆசிரியர் வேண்டுமென்று கேட்டு வலயக் கல்விப் பணிமனை வாசலில் நிற்க ஆள் இருப்பதில்லை.

அந்தத் தம்பி பிள்ளையைக் கடைசியில் ஒழுங்கைக் கோடியில் உள்ள சின்னப் பாடசாலையில் சேர்த்தார். ஆரம்பத்தில் வெட்கப்பட்டார், யார் கேட்டாலும் பாடசாலைப் பெயரைச் சொல்லாமல் பேச்சை மாற்றுவார். இப்போது அங்கே பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் செயலாளர். போன வாரம் என்னிடம் ஒரு கடிதத்தைத் திருத்தித் தரக் கேட்டு வந்தார்: ஆறாம் தரத்திலிருந்து விஞ்ஞானத்துக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை, இரண்டு தவணையாக வகுப்பு நடக்கவில்லை, பணிப்பாளர் தயவுசெய்து ஒருவரை அனுப்ப வேண்டும். கீழே நாற்பத்தொரு பெற்றோரின் கையெழுத்து. அதில் ஏழு கைநாட்டு. பழைய அதே ஃபைலில்தான் வைத்திருந்தார். மின்சாரப் பில்களை எடுத்துவிட்டிருந்தார்.