கேக் சாப்பிட்டால் என்ன?

ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த இரண்டரை வருடத்தில் நான் நான்கு கேக் செய்திருக்கிறேன். நான்கும் குக்கரில். முதல் கேக் அடியில் கருகி, நடுவில் மாவாகவே இருந்தது. அறையிலிருந்த ஐந்து பேரும் ஓரங்களைப் பிய்த்துத் தின்றுவிட்டு, நடுவை ஸ்பூனால் வழித்தோம். "இதுக்குப் பேரு லாவா கேக்குடி, கடையில போனா இருநூறு ரூபா" என்றாள் செய்யாற்றுப் பக்கத்திலிருந்து வந்தவள். சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம்.

நான்காவது கேக் நன்றாக வந்தது. அதற்குள் கற்றிருந்தோம். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. அடியில் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஸ்டாண்ட் வைத்து, மூடி, பத்து நிமிடம் சூடேற்ற வேண்டும். ஒன்றரை கப் மைதா, அரை டின் கண்டென்ஸ்டு மில்க், பேக்கிங் பவுடர், சோடா, வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய், கொஞ்சம் பால். சிறு தீயில் முக்கால் மணி நேரம். நடுவில் ஆசைப்பட்டுத் திறந்து பார்க்கக் கூடாது. நைட் ஷிப்ட் முடித்து வந்தவர்கள், தூங்காமல் அந்த முக்கால் மணி நேரமும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். வாசனை கிளம்பியதும் பக்கத்து அறை ஒடிசாப் பெண்கள் எட்டிப்பார்த்தார்கள். பதினொரு துண்டு போட்டோம்.

இதை இப்போது எழுதக் காரணம் ஓர் இலக்கியக் கூட்டம். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது நண்பர் ஒருவர் சொன்னார்: "ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய்ப் பாருங்க. தெருவுக்கு நாலு கேக் கடை. கம்பெனிப் பொண்ணுங்க சம்பளத்தை எல்லாம் பிரௌனிக்கும் கிரீமுக்கும் அழிக்குதுங்க. மைதா விஷம்னு யாராவது சொல்லித் தரணும். நம்ம மண்ணோட சாப்பாட்டையே மறந்துட்டாங்க." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று பேசாததை இங்கே பேசிவிடுகிறேன்.

முதலில் மைதா. மைதாவும் சர்க்கரையும் தினமும் தின்னக்கூடிய பொருட்கள் அல்ல. ஒப்புக்கொள்கிறேன். இதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு துண்டு கேக் சாப்பிடுகிறவளிடம் போய் ஆரோக்கியம் பேசுகிறவர், அவள் மற்ற எண்பத்தொன்பது நாளும் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டாரா?

கேட்டிருந்தால் 2021 டிசம்பர் ஞாபகம் வந்திருக்கும். ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு விஷமாகி, 150க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்று சரியான பதில் வராததால், ஆயிரக்கணக்கான பெண்கள் இரவோடு இரவாக சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. தங்குமிடங்களிலும் சாப்பாட்டு அறைகளிலும் சில தன் விதிகளின்படி இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒத்துக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12ஆம் தேதிதான் வேலை மறுபடி தொடங்கியது.

அந்தப் பெண்களைப் படுக்க வைத்தது பிரௌனி இல்லை. நம் நண்பர் மெச்சுகிற அதே சோறும் குழம்பும்தான், ஆனால் யாரோ எங்கேயோ மொத்தமாகச் சமைத்தது. தன் தட்டில் விழுவது எப்படிச் சமைக்கப்பட்டது என்று பார்க்கவோ கேட்கவோ வழியில்லாதவளுக்கு வந்த நோய் அது. அந்த இடத்திலிருந்து பார்த்தால் குக்கர் கேக் வேறு மாதிரித் தெரியும். மாவை அவளே சலிக்கிறாள். பாலை அவளே முகர்ந்து பார்க்கிறாள். அந்த வாரத்தில் தன் கையால் செய்து தன் வாயில் போட்ட ஒரே பொருள் அது.

அடுத்து, மண்ணின் சாப்பாடு. சரி, இந்த மண்ணையே எடுத்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூர் ராமாநுஜர் பிறந்த ஊர். 1017இல் பிறந்தவர் என்பது வழக்கு. அவரைப் பற்றி வைணவர்கள் சொல்லும் கதைகளில் எனக்குப் பிடித்தது ஒரு இனிப்பைப் பற்றியது. ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் திருமாலிருஞ்சோலை அழகருக்கு நேர்ந்துகொள்கிறாள்: நூறு தடா வெண்ணெய், நூறு தடா அக்காரவடிசில். அவளால் அதைச் செலுத்த முடியவில்லை. சில நூற்றாண்டு கழித்து ராமாநுஜர் அழகர்கோயிலுக்குப் போய் அந்த நூறு தடாவையும் செலுத்தினார், பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது ஆண்டாள் அவரை அண்ணா என்று அழைத்தாள், அதனால்தான் அவருக்குக் கோயில் அண்ணன் என்று பெயர் என்பார்கள்.

அக்காரவடிசில் என்றால் என்ன? தண்ணீரை விட்டுப் பாலிலேயே அரிசியைக் குழைய வேகவைத்து, வெல்லம் சேர்த்து, நெய்யை ஊற்றிக்கொண்டே கிளறுவது. எந்த டயட்டீஷியனும் சிபாரிசு செய்யமாட்டார். திருப்பாவை தொடங்கும்போது நெய்யும் பாலும் வேண்டாம் என்று நோன்பு இருக்கிற பெண்கள், இருபத்தேழாம் பாட்டில் நோன்பு முடித்து, புது உடையும் நகையும் பூண்டு, நெய் முழங்கை வரை வழிய எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட ஆசைப்படுகிறார்கள். நாம் பாரம்பரியம் என்று எடுத்து நீட்டுகிற கவிதையில் இளம்பெண்கள் கேட்பது கேழ்வரகுக் கூழ் இல்லை. கொழுப்பும் இனிப்பும் நிறைந்த, தேவைக்கு மேலான ஒன்றை, தோழிகளோடு சேர்ந்து சாப்பிடக் கேட்கிறார்கள். ராமாநுஜர் அதற்கு உபதேசம் செய்யவில்லை. தடாவை எண்ணி வைத்தார்.

ஆசைப்படுவதற்குத் தகுதி பார்க்கிற பழக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை. "ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்" என்று பிரெஞ்சு ராணி மரி அந்துவானெத் சொன்னதாக எல்லோருக்கும் தெரியும். அவர் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. ரூஸோ தன் சுயசரிதையில் பெயர் சொல்லாமல் ஒரு இளவரசியைப் பற்றி எழுதிய வரி அது. அதை அவர் எழுதிய காலத்தில் மரி அந்துவானெத் பிரான்ஸுக்கே வராத சிறுமி. அதிலும் கேக் இல்லை, வெண்ணெயும் முட்டையும் போட்ட பிரியோஷ் என்ற ரொட்டி. இருந்தாலும் கதை சாகவில்லை. கேக் ராணிக்கு, ரொட்டி ஜனங்களுக்கு என்று நினைப்பது பலருக்கும் வசதியாக இருக்கிறது. ஏழைக்குப் பசி இருக்கலாம், ருசி இருக்கக் கூடாது. என் நண்பர் இடதுசாரிதான். அவருக்குள்ளும் இந்த நினைப்பு உட்கார்ந்திருக்கிறது.

இதுவரை ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தோடும் எனக்குச் சண்டை உண்டு: "வீட்டிலேயே சுலபமாகச் செய்யலாம்" என்று வீடியோ போடுகிறவர்கள். அவர்கள் மேல் கோபம் இல்லை, கேக் செய்ய அவர்களிடம்தான் கற்றேன். ஆனால் அந்த வாக்கியத்தில் 'சுலபமாக' என்பதை விட்டுவிடலாம், 'வீட்டிலேயே' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள்.

கிரீமை அடிக்க வேண்டுமென்றால் அது பிரிட்ஜ் குளிர்ச்சியில், 5 டிகிரி வாக்கில் இருக்க வேண்டும். கொழுப்பு பாதியாவது கட்டியாக இருந்தால்தான் காற்றைப் பிடித்து வைக்கும். மே மாதம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் அது நடக்காது. அடிக்க அடிக்க மோராகும். கடையில் சுலபமாகக் கிடைக்கும் டப்பா கிரீமில் கொழுப்பு 25 சதவீதம். அது பாயசத்துக்கும் குருமாவுக்கும் சரி, அடித்தால் நிற்காது. இதை வீடியோவில் சொல்வதில்லை. அடுத்து ஓவன். சின்ன ஓடிஜிக்கே 1200 வாட் போல வேண்டும், நடுத்தரமானதுக்கு 1500க்கு மேல். அறையில் இருக்கிற 6 ஆம்பியர் பிளக் 1400 வாட்டுக்குள்தான் தாங்கும். அதையும் மீறிப் போட்டால் பிளக் உருகும், சப்-மீட்டர் ஓடும், மாதக் கடைசியில் ஓனரம்மா மாடிக்கு வருவார். யூனிட்டுக்கு அரசு வாங்குவது ஒன்று, அவர் வாங்குவது வேறு. அது தனிக் கட்டுரை.

பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் டிவியும் செய்து உலகத்துக்கு அனுப்புகிற ஊர் இது. 2024 செப்டம்பர் 9ஆம் தேதி சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் வேண்டும் என்று வேலைநிறுத்தம் தொடங்கி, 37 நாள் பந்தலில் உட்கார்ந்தார்களே, அது பிரிட்ஜ் செய்கிற ஆலைதான். அதே சாலையோரத்து வாடகை அறைகளில், ஒரு புட்டிங்கை உறைய வைக்கப் பிரிட்ஜ் கிடையாது.

அதனால் என்ன செய்கிறார்கள்? சைனா கிராஸ் வாங்குகிறார்கள். கடல்பாசியிலிருந்து எடுப்பது. கொதிக்கவைத்துக் கரைத்துப் பாலில் ஊற்றினால் 35 டிகிரி வாக்கிலேயே உறையத் தொடங்கிவிடும். உறைந்தபின் 85 டிகிரி வரை இளகாது. பிரிட்ஜ் இல்லாதவளின் புட்டிங் அது. கண்டென்ஸ்டு மில்க்கும் அப்படித்தான். 1856இல் கெயில் போர்டன் என்ற அமெரிக்கர் அதற்குக் காப்புரிமை வாங்கியபோது பிரச்சினை ருசி இல்லை, குளிர்பெட்டி இல்லாத காலத்தில் பால் கெட்டுப்போவதுதான். இன்றைக்கும் டின்னை உடைக்காதவரை அதற்குப் பிரிட்ஜ் தேவையில்லை. எங்கள் அறை அலமாரியில் ஒரு டின் எப்போதும் இருந்தது. அதைத் திறப்பதற்கு ஒரு காரணம் கிடைக்கும் வரை காத்திருந்தோம்.

இதைப் பார்த்து "ஆஹா, என்ன சாமர்த்தியம்" என்று உருகாதீர்கள். தயவுசெய்து. இல்லாமையைச் சமாளிக்கிற திறமையைக் கொண்டாடிவிட்டு இல்லாமையை அப்படியே விட்டுவிடுவது இன்னொரு மோசடி. எங்களுக்கு வேண்டியது பாராட்டு இல்லை, அடுப்பு.

இந்த அறைக்கு வருவதற்கு முன் நான் ஒரு விடுதியில் இருந்தேன். ரூமில் சமைக்கக் கூடாது என்பது விதி. எட்டுப் பேர் காசு போட்டு வாங்கிய இண்டக்ஷன் அடுப்பை வார்டன் எடுத்துக்கொண்டு போனார். "உங்களுக்குத்தான் மூணு வேளையும் சாப்பாடு வருதேம்மா, அப்புறம் எதுக்கு இது?" என்றார். அவர் கெட்டவர் இல்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். ரூமில் எட்டு அடுப்பு எரிந்தால் தீப்பிடிக்கும் என்ற பயமும் நியாயமானதுதான். ஆனால் அதற்குப் பதில் தடை இல்லை. மாடிக்கு ஒரு பொதுச் சமையலறை, அதில் 16 ஆம்பியர் பிளக், ஒரு பிரிட்ஜ், ஒரு ஓவன், தீயணைப்பான்.

பணமா? 2024 ஆகஸ்ட் 17ஆம் தேதி வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பெண்கள் விடுதியை முதலமைச்சர் திறந்து வைத்தார். 18,720 படுக்கைகள், 706.50 கோடி ரூபாய். தரையில் பாய் விரித்துப் படுத்தவர்களுக்குக் கட்டில் கிடைத்தது சின்ன விஷயம் இல்லை. குறை சொல்ல இதை எடுக்கவில்லை. கணக்குப் போடத்தான் எடுக்கிறேன். வகுத்துப் பார்த்தால் ஒரு படுக்கைக்குச் சுமார் 3.77 லட்சம். நல்ல ஓடிஜி ஒன்று பத்தாயிரத்துக்குள் கிடைக்கிறது. ஐம்பது பேருக்கு ஒன்று என்று வைத்தாலும் தலைக்கு இருநூறு ரூபாய் வரவில்லை. ஆகவே பணம் காரணம் இல்லை. தொழிலாளியை எண்ணும்போது நாம் படுக்கையை எண்ணுகிறோம், பஸ்ஸை எண்ணுகிறோம், சாப்பாட்டுத் தட்டை எண்ணுகிறோம். அடுத்த ஷிப்ட்டுக்கு அவளைத் தயாராக்க என்ன தேவையோ அதெல்லாம் கணக்கில் வருகிறது. அவளுக்கு என்ன பிடிக்கும் என்பது எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

அடுப்போடு நேரமும் வேண்டும். 2023 ஏப்ரல் 21ஆம் தேதி, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அந்தப் பத்து நாளில் பலரும் பல நியாயம் பேசினார்கள். எனக்குத் தோன்றியது சின்னக் கணக்கு: 12 மணி நேர வேலை, போக வர இரண்டு மணி நேரம் பஸ், ஏழு மணி நேரத் தூக்கம். மிச்சம் மூன்று மணி நேரம். அதில் குளிக்க, துவைக்க, ஊருக்குப் போன் பேச. கேக்குக்கு முக்கால் மணி நேரம் எங்கே?

"ஊருக்குப் போனா அம்மா செஞ்சு தரமாட்டாங்களா?" என்று கேட்பார்கள். தருவார்கள். அதிரசமும் பணியாரமும் கட்டிக் கொடுத்தும் அனுப்புவார்கள். ஆனால் இருபது வயதில் ஊரைவிட்டு வந்து, சம்பாதித்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டு மிச்சம் பிடிக்கிறவள், வருடம் முழுக்க யாரோ ஊட்டுகிற பிள்ளையாகவே இருக்க வேண்டுமா? விடுதி அவளுக்குச் சாப்பாடு போடும், அம்மா பலகாரம் தருவாள், புருஷன் வீடு வந்தபின் அங்கே எல்லோருக்கும் அவள் சமைப்பாள். தனக்காக, தன் தோழிகளுக்காக, கட்டாயம் எதுவும் இல்லாமல் அவள் சமைக்கிற காலம் வாழ்க்கையில் இந்த மூன்று நான்கு வருடம்தான். அந்த நாட்களில்தான் நாம் அவளிடமிருந்து அடுப்பைப் பிடுங்கி வைத்திருக்கிறோம்.

ஆகவே நண்பரே, அடுத்த கூட்டத்தில் மைதாவைப் பற்றிப் பேசுங்கள், தப்பில்லை. கூடவே ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒரு விடுதி திறக்கும்போது எத்தனை படுக்கை என்று பத்திரிகைகள் போடுகின்றன. எத்தனை அடுப்பு என்று நீங்கள் கேளுங்கள்.

எங்கள் நான்காவது கேக்கில் பதினொரு துண்டு போட்டோம் என்றேன். அறையில் ஐந்து பேர், பக்கத்து அறையில் ஐந்து பேர். பதினொன்றாவது துண்டை ஒரு கிண்ணத்தில் மூடி, செகண்ட் ஷிப்ட்டுக்குக் கிளம்பிய எதிர் அறை அக்காவின் கையில் கொடுத்தோம். "எனக்கு எதுக்குடி இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.